பாமாலைப் புத்தகம் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

வணக்கம். ஜாஸ் பியானோக் கலைஞர் ஹாங்க் ஜோன்ஸும் டபுள் பேஸ் (ஆள் உயரத் தந்தி வாத்தியம்) கலைஞர் சார்லி ஹேடனும் ஸ்பிரிச்சுவல்களையும் ஹிம்ன்களையும் வாசித்து 1995-இல் வெளியிட்ட 'ஸ்டீல் அவே' இசைத்தட்டைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். டிரம்ஸ் இல்லை, பாட்டு இல்லை, ஒரு பியானோவும் ஒரு டபுள் பேஸும் மட்டும். அதற்கு நாலு பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் கடைசிப் பத்தியில் கட்டுரையாளர் ஒரு யோசனை சொல்கிறார்: நம் சபைகளில் கீபோர்டும் பேஸ் கிட்டாரும் வாசிக்கும் பிள்ளைகள் இருவர் பாமாலை என்ற சபைப் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்து வாசித்தாலே இந்த இசை வந்துவிடுமாம். வராது. எங்கே இடிக்கும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அதற்கு முன் ஒரு திருத்தம். தட்டில் 'ஸ்பிரிச்சுவல்' என்றே பெயர் கொண்ட பாட்டை அடிமைக் காலத்துப் பாட்டு என்று எழுதியிருக்கிறார். அதை இயற்றியவர் ஹேடனின் மகன் ஜாஷ் ஹேடன். அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ்கூட 1996-இல் அதைப் பாடியிருக்கிறார். பெயர் ஏமாற்றிவிட்டது போலும்.

அந்தப் பிழையை விட முக்கியமானது, ஸ்பிரிச்சுவலையும் ஹிம்னையும் (தேவாலயத்தில் பாடும் ஞானப்பாட்டு) அவர் ஒரே மூட்டையில் கட்டிவிட்டது. வாசிக்க உட்காரும்போது இரண்டும் வேறு வேறு. ஸ்பிரிச்சுவல்கள் அடிமைப்பட்ட கறுப்பின மக்கள் வாய்வழியாகப் பாடி வந்தவை. அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து ஃபிஸ்க் ஜூபிலி பாடகர்கள் 1871-இல் ஊர் ஊராகப் புறப்பட்ட பிறகுதான் அவை மேடைக்கும் அச்சுக்கும் பரவலாக வந்தன. மெட்டு மட்டுமே சொத்து. அடியில் எந்த ஸ்வரம் நிற்கவேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஹிம்ன் அப்படியல்ல. தட்டின் கடைசியில் கோத்துத் தரும் நாலு ஹிம்ன்களில் மூன்று நமக்கு மனப்பாடம்: 'என்னோடிரும், மா நேச கர்த்தரே', 'நான் பாவிதான் ஆனாலும் நீர்', 'பாவ சஞ்சலத்தை நீக்க'. இவை சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நாலு குரலுக்கும் எழுதி முடித்த நிலையில் கைக்கு வருகின்றன. சிக்கல் அங்கேதான்.

டபுள் பேஸானாலும் பேஸ் கிட்டாரானாலும், தாளில் எழுதியதை விட ஒரு ஸ்தாயி கீழேதான் ஒலிக்கும். பாமாலை ட்யூன் புத்தகத்தின் பேஸ் வரியைப் பார்த்து அப்படியே வாசித்தால் அந்த வரி ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். டெனருக்கும் அதற்கும் நடுவில் பெரிய பள்ளம் விழும். கீபோர்டுக்காரர் சும்மா இருப்பாரா? அதே பேஸ் வரியைத் தன் இடது கையில், எழுதிய இடத்தில், அழுத்திக்கொண்டிருப்பார். ஒரே வரி இரண்டு ஸ்தாயியில் கனமாக ஓடும். மெட்டு அதன் மேல் தத்தளிக்கும். இருவர் வாசிக்கும்போது முதல் சட்டம் இதுதான்: கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின்) மூல ஸ்வரம் பேஸுக்கு. பியானோவின் இடது கை அதைத் தொடக்கூடாது. நடு சி-க்குக் கீழே ஒரு ஸ்தாயிக்கு மேல் இறங்கவும் கூடாது. கார்டின் மூன்றாவது ஸ்வரமும் ஏழாவது ஸ்வரமும் என்று இரண்டே விரல் போதும். பத்து விரலும் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் அழுத்துகிறவர் தனியாக வாசிக்கலாம்.

அடுத்தது சுருதி. 'என்னோடிரும்' ட்யூன் புத்தகத்தில் ஈ ஃப்ளாட்டில் இருக்கிறது. பேஸின் தடித்த கம்பியைத் திறந்து மீட்டினால் வருவது ஈ, 41 ஹெர்ட்ஸ். ஆதார சுருதியான ஈ ஃப்ளாட் அதற்கு அரை ஸ்வரம் கீழே, 39-இல் நிற்கிறது. நாலு கம்பி வாத்தியத்தில் அது இல்லவே இல்லை. வரி முடியும் இடத்தில் அடியில் போய் உட்கார முடியாமல் பேஸ்காரர் மேல் ஸ்தாயிக்குத் தாவுவார். இறங்க வேண்டிய பாட்டு எகிறும். எஃப்-க்கு மாற்றிக்கொண்டால் அடி எஃப் கையில் இருக்கும். ஸ்பிரிச்சுவல்களுக்கு ஜி, டி சுருதிகள் சௌகரியம். திறந்த கம்பிகள் அங்கே உதவும்.

இப்போது எஃப்-இல் அந்த முதல் வரியை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். நாலு நாலு அடியாக நாலு அளவு (பார்). 'என்னோடி', 'ரும் மா', 'நேச கர்த்த', கடைசியில் முழு அளவும் நீளும் 'ரே'. மூன்றாவது அளவில் மெட்டு டி, சி, சி, பி ஃப்ளாட் என்று அடிக்கொன்றாக இறங்குகிறது. ட்யூன் புத்தகம் ஒவ்வொரு அடிக்கும் கீழே கார்டை மாற்றுகிறது. நாலு குரல் பாடும்போது அது அழகு. பேஸ் அடிக்கடி தாவினால் மெட்டு நடக்காது, நொண்டும். அங்கே இரண்டே ஸ்வரம் வையுங்கள்: முதல் இரண்டு அடிக்கு பி ஃப்ளாட், அடுத்த இரண்டுக்கு சி. சி வரும்போது இடது கையில் ஈ-யும் பி ஃப்ளாட்டும். 'ரே' விழும் இடத்தில் பேஸ் கீழ் எஃப்-இல் இறங்கும். நிமிடத்துக்கு 60 அடி வேகம் என்றால் அந்த 'ரே' நாலு விநாடி. பியானோ ஒலி அதற்குள் தேய்ந்துகொண்டே போகும். அந்த வெற்றிடத்தின் கடைசி இரண்டு அடிதான் பேஸ்காரரின் சொத்து. அடுத்த வரிக்குக் கொண்டுபோய் விடும் இரண்டு மூன்று ஸ்வரங்களை அவர் அங்கே வைப்பார். அந்த நேரத்தில் பியானோவும் ஒரு சங்கதியைப் பொழிந்தால் இரண்டும் மோதும். புதிதாகச் சேரும் ஜோடிகள் கெடுவது பெரும்பாலும் இந்த ஒரே இடத்தில். எந்த வரியின் முடிவு யாருக்கு என்று தாளில் பென்சிலால் குறித்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

பெடலைப் பற்றியும் சொல்லவேண்டும். அசல் பியானோவில் வலது பெடலை மிதித்தால் எல்லாக் கம்பிகளும் விடுபடும். பக்கத்தில் பேஸ் மீட்டும் ஒலிக்கு அவையும் சேர்ந்து அதிரும். மெதுவான பாட்டில் கார்டு மாறும்போதெல்லாம் பெடலை விட்டு மிதிக்காவிட்டால் எல்லாம் கூழாகிவிடும். எலெக்ட்ரானிக் கீபோர்டில் அந்தத் தொல்லை குறைவு; அங்கே தொல்லை 'ஸ்டைல்' பொத்தான். அதற்குள்ளேயே ஒரு பேஸும் ஒரு டிரம்ஸும் ஒளிந்திருக்கின்றன. அதை அணைக்காமல் இந்தப் பேச்சையே எடுக்கவேண்டாம்.

ஸ்பிரிச்சுவல் பக்கம் வந்தால் சங்கடம் வேறு மாதிரி. அங்கே எதுவும் எழுதியிருக்காது என்பதால் எதை வேண்டுமானாலும் போடலாம் என்று தோன்றும். 'ஸ்விங் லோ', 'அமேசிங் கிரேஸ்' (இது ஹிம்ன்தான், ஆனாலும்) இரண்டின் மெட்டும் ஐந்தே ஸ்வரம், மோகனத்தின் ஸ்வரங்கள்தான். ஐந்து ஸ்வர மெட்டு எந்தக் கார்டையும் முகம் சுளிக்காமல் தாங்கும் என்பதால் கார்டுகளை அடுக்குகிறார்கள். என் கணக்கில் முதல் சரணத்துக்கு மூன்று கார்டு போதும். இரண்டாவதில் ஒன்று கூட்டலாம். ஜி சுருதியில், சி-யிலிருந்து சி ஷார்ப் டிமினிஷ்டு கார்டு வழியாக, அடியில் டி வைத்த ஜி-க்கு ஏறுவது கறுப்பினத் தேவாலயங்களில் பழகிய வழி. பேஸ் சி, சி ஷார்ப், டி என்று படியேறும். ஆனால் இதை இருவரும் பேசி வைத்திருக்கவேண்டும். பியானோ சி ஷார்ப்பை அழுத்தும் நேரத்தில் பேஸ் சாதா சி-யிலேயே நின்றால் காது கூசும். தவறு யாருடையது என்று கேட்பவருக்குத் தெரியாது, இருவரையும்தான் திட்டுவார்.

தலைவர் ஒரு வரி, கூட்டம் ஒரு வரி என்று பாடப்பட்டவை இந்தப் பாட்டுகளில் பல. 'ஸ்விங் லோ'வில் பதில் வரி ஒவ்வொரு முறையும் ஒன்றுதான். பியானோ அழைக்க, பேஸ் தன் மெல்லிய ஜி கம்பியில் மேலேறிப் பதில் சொல்லலாம். அப்போது பேஸின் வழக்கமான அடித்தளம் காலியாகிறதே என்று பியானோ ஓடிவந்து நிரப்பக்கூடாது. காலியாகவே இருக்கட்டும்.

டிரம்ஸ் இல்லாததால் வேகமான பாட்டு ஓடும், மெதுவான பாட்டு தூங்கும். மருந்து ஒன்றுதான்: மெட்ரோனோமை (சீராக டிக் டிக் என்று அடிக்கும் கருவி) பாதி வேகத்தில் வைத்து, அந்த டிக் ஒலியை இரண்டாவது, நாலாவது அடியாகக் கேட்டுப் பழகுவது. 120 வேகப் பாட்டுக்கு 60. பேஸ் ஒன்றிலும் மூன்றிலும் நிற்கட்டும். கைதட்டு விழும் இடத்தை மெட்ரோனோம் பார்த்துக்கொள்ளும்.

சுருதி சேர்ப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. கம்பிகளின் மேலொலிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சேர்க்கும் பழக்கம் பேஸ்காரர்களுக்கு உண்டு. தனியாக வாசிக்கச் சரி. பேஸின் அடுத்தடுத்த கம்பிகளுக்கு நடுவில் இருப்பது நாலாம் இடைவெளி. பியானோவின் நாலாம் இடைவெளி, மேலொலி தரும் சுத்தமான நாலாமை விட 2 சென்ட் அகலம் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). மூன்று இடைவெளி தாண்டும்போது ஈ-க்கும் ஜி-க்கும் நடுவில் 6 சென்ட் வித்தியாசம் வந்து நிற்கும். ஒவ்வொரு கம்பியையும் பியானோவின் அதே ஸ்வரத்தோடு தனித்தனியாகச் சேர்ப்பதே சரி. ஹேடன் மேல் இரண்டு கம்பிகளுக்குக் குடல் நரம்பு போட்டவர். எஃகை விட அதில் ஒலி சீக்கிரம் அடங்கும், மெட்டுக்கு இடமும் விடும்; ஆனால் ஈரக்காற்றில் சுருதி நகர்ந்துகொண்டே இருக்கும்.

கட்டுரையாளர் விட்டுவிட்ட ஒன்று. இதே இருவரும் 'கம் சண்டே' என்று இரண்டாவது தட்டும் வாசித்திருக்கிறார்கள். பதிவானது 2010 பிப்ரவரியில். ஜோன்ஸுக்கு அப்போது 91 வயது. மே 16-இல் காலமானார். தட்டு 2012-இல்தான் வெளிவந்தது. முதல் தட்டைக் கேட்டுவிட்டு இடது கை என்ன செய்கிறது என்று பிடிபடாதவர்கள், இதை ஹெட்ஃபோனில் கேட்டு, பியானோ வாசிக்காமல் விட்ட இடங்களை மட்டும் எண்ணிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை