இட்டேரித் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

தோட்டங்களுக்குப் போகும் இருபுறமும் வேலி அடைத்த வண்டித்தடமான நம் ஊர் இட்டேரியின் வேலை முடிந்துவிட்டது. சீமைக்கருவேலம் மண்டி, மாட்டு வண்டி நுழைய முடியாமல் அடைந்து கிடந்த தடம், கோயில் திடலில் இருந்து மேற்கே கடைசித் தோட்டம் வரைக்கும் இப்போது திறந்திருக்கிறது. இரண்டு பக்கமும் கிளுவை என்னும் முட்செடியால் ஆன உயிர்வேலியைப் புதுப்பித்தாயிற்று. எருது பூட்டித் தண்ணீர் இறைத்த கவலைக் கிணற்றின் சரிந்த கல்கட்டையும் எடுத்துக் கட்டிவிட்டோம். பக்கத்துக் கல்தொட்டியில் ஆடுமாடுகள் தண்ணீர் குடிக்கின்றன. வரவு செலவு ரசீதுகளைப் பொதுக்குழுவில் வைக்கிறோம். எதை, ஏன் இப்படிச் செய்தோம் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

வசூலுக்கு வந்தபோது பலரும் கேட்டார்கள், கோயிலுக்குக் கொடுத்தால் கோபுரமாவது நிற்கும், வேலிக்கும் வண்டித்தடத்துக்கும் எதற்கு இவ்வளவு செலவு என்று. நியாயமான கேள்விதான். நம் காங்கேய நாடு கொங்கின் 24 நாடுகளில் ஒன்று. படியூரில் பெரில் என்னும் மணிக்கல் தோண்டியிருக்கிறார்கள். நொய்யல் கரைக் கொடுமணலில் கல்மணி செய்த பட்டறைகளே அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. அவற்றைக் காக்கத் தொல்லியல் துறை இருக்கிறது. நம் பாட்டன் பூட்டன் பண்ணையம் பார்த்த மேய்ச்சல் நிலமான கொரங்காட்டைக் காக்க நம்மை விட்டால் வேறு ஆள் கிடையாது.

இங்கே ஆண்டு மழை ஏறக்குறைய 600 மில்லிமீட்டர். அதுவும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிட்டுப் போய்விடும். செம்மண்ணும் சரளையுமான மேட்டு நிலத்தில் வருசா வருசம் வெள்ளாமை எடுக்க முடியாது என்று தெரிந்துகொண்டவர்கள் கண்ட வழிதான் கொரங்காடு. தரையில் கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை. மழை பெய்தால் புல் தழைக்கும். புல் காய்ந்த கோடையில் வேல மரத்தின் நெத்து (காய்ந்த காய்) உதிர்ந்து ஆடுகளுக்குத் தீனியாகும். சில வருசத்துக்கு ஒருமுறை உழுது சோளமோ கொள்ளோ போட்டுவிட்டுத் திரும்பவும் புல்லுக்கு விடுவார்கள். வேலி அடைப்பாக இருப்பதால் காலையில் பட்டியைத் திறந்துவிட்டால் போதும், காவலுக்கு ஆள் வேண்டாம். சொந்த நிலம் இல்லாதவர்கள்கூடக் குத்தகைக்குக் காடு பிடித்து நாலு ஆடு வைத்துப் பிழைத்தது இந்த வேலியை நம்பித்தான்.

காங்கேயம் மாடும் இந்தப் புல்லில் வளர்ந்ததுதான். செவலையாகப் பிறக்கும் கன்று சில மாதங்களில் வெளுத்துவிடும். காளை வளர வளரத் திமிலும் கழுத்தும் கறுக்கும். பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் பொலிகாளைகளைத் தேர்ந்தெடுத்து இந்த இனத்தை மேம்படுத்தினார். 2000இல் இந்திய அஞ்சல் துறை மாட்டினங்களுக்கு வெளியிட்ட தபால்தலைகளில் நம் மாடும் உண்டு. 2017 சல்லிக்கட்டுப் போராட்டத்தின்போது ஊர் உலகமே நாட்டு மாட்டைப் பற்றிப் பேசியது. பேசியதெல்லாம் சரி, அந்த மாடு மேயக் காடு வேண்டாமா? டிராக்டர் வந்ததும் உழவு மாடு குறைந்தது. பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு) பாசனத் தண்ணீரும் ஆழ்துளைக் கிணறும் எட்டிய இடங்களில் தென்னை வந்தது. எட்டாத காடுகள் பல மனைகளாகிவிட்டன. விற்றவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. மேய்ச்சல் நிலத்தை நம்பி ஒரு குடும்பம் பிழைப்பது இப்போது அவ்வளவு எளிதாக இல்லை. இருக்கிற காடுகளாவது நிற்க வேண்டுமானால் அவற்றுக்குப் போகும் தடமும் தண்ணீரும் முதலில் வேண்டும். அதனால்தான் இட்டேரியில் கை வைத்தோம்.

குழுவுக்குள் பெரிய விவாதம் வேலியைப் பற்றித்தான் நடந்தது. கம்பி வேலி போட்டால் ஒரே வாரத்தில் முடியும் என்றார்கள் சிலர். கம்பி துருப்பிடிக்கும், மாட்டின் தோலைக் கிழிக்கும். கிளுவையோ கவாத்துச் செய்கிற ஒவ்வொரு முறையும் ஆட்டுக்குத் தழை கொடுக்கும், காற்றில் பறக்கும் மண்ணைப் பிடித்து வைக்கும், கவுதாரியும் கீரியும் அண்ட இடம் தரும். கடைசியில் கிளுவை என்றே முடிவானது. நல்ல பழைய வேலிகளில் இருந்து போத்து (நடுவதற்கான கிளை) வெட்டி வந்து, மழைக்கு முன்னால் நெருக்கமாக ஊன்றினோம். இடைவெளிகளை வேலமுள்ளால் அடைத்திருக்கிறோம். வேலிக்குப் பக்கத்தில் பொக்லைன் விடவில்லை. அங்கே இருந்த சீமைக்கருவேலத்தைக் கடப்பாரையால் வேரோடு எடுத்தார்கள், அது லேசான வேலை இல்லை. பிரண்டையையும் முடக்கத்தானையும் வெட்டக் கூடாது என்று நின்று பார்த்துக்கொண்டது வேலைக்கு வந்த ஆத்தாக்கள்தான். கருவேல விறகு விற்ற பணம் கூலிக்குப் போயிற்று.

தடத்துக்குக் கான்கிரீட் வேண்டும் என்று கேட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. பால் வண்டி வந்து திரும்பும் இடம் வரைக்கும் கிராவல் கொட்டி இறுக்கியிருக்கிறோம். அதற்கு மேல் மண் தடமாகவே விட்டோம். வெயிலில் கொதிக்கும் கான்கிரீட்டில் மாடு நடக்காது, மழைத் தண்ணீரும் மண்ணில் இறங்காது.

கவலைக் கிணற்றைச் சும்மா அலங்காரத்துக்குக் கட்டவில்லை. எருதுகள் வாரி என்னும் சரிவில் இறங்கும்போது தண்ணீர் மொள்ளும் சால் மேலே ஏறி, அதன் அடியில் உள்ள தும்பி என்னும் தோல் குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டும். பிறகு எருதுகள் பின்னாலேயே நடந்து மேலே வர வேண்டும். அதற்குப் பழக்கிய மாடும் பழகிய ஆளும் தேவை. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் கோவைப் பக்கத்தில் மோட்டார் பரவியது, நம் ஊருக்குக் கம்பம் வந்ததும் கவலையும் நின்றுபோனது. இப்போது கிணற்றில் சின்ன மோட்டார்தான் இறைக்கிறது. ஆனால் கல்கால்களையும் வாரியையும் இருந்தபடியே வைத்திருக்கிறோம். கவலை இறைத்த அப்பாருகள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய் அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.

இனிமேல் செய்ய வேண்டியவை: புதுப் போத்துகள் வேர் பிடிக்கும்வரை வேலியோரம் ஆடு கட்ட வேண்டாம். கடவை (வேலி வாசலை) தாண்டினால் படலை (முள் கதவை) சாத்திவிட்டுப் போங்கள். சீமைக்கருவேலம் தளிர்த்தால் சிறிதாக இருக்கும்போதே பிடுங்குங்கள். ஐப்பசி மழை ஓய்ந்ததும் காய்ந்த இடங்களில் மறுபடி போத்து ஊன்றுகிறோம். அதற்குத் தோட்டத்துக்கு ஓர் ஆள் வீதம் வர வேண்டும், வரும்போது அரிவாளும் கடப்பாரையும் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு