மதாம் பொவாரியின் கடன் கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் உலக நாவல்களை அறிமுகப்படுத்தி வரும் தொடரில், பிரெஞ்சு எழுத்தாளர் குஸ்தாவ் ஃப்ளோபேரின் ‘மதாம் பொவாரி’ பற்றிய கட்டுரையைப் படித்தேன். நாவலின் நடையழகையும் நார்மண்டிக் கிராமத்துச் சித்திரங்களையும் கட்டுரையாளர் நன்றாகவே எடுத்துச் சொல்லியிருக்கிறார். ஆனால் கதையைச் சுருக்கிச் சொல்லும் இடத்தில், காதல் கதைகளைப் படித்து மனம் கெட்டுப்போன ஒரு மருத்துவரின் மனைவி, இரண்டு காதலர்களாலும் கைவிடப்பட்டு, மனமுடைந்து நஞ்சருந்தி இறக்கிறாள் என்று எழுதி முடித்துவிட்டார். அவளுடைய கடனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வங்கியின் கடன் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையிலும், இந்த நாவலைத் திரும்பத் திரும்பப் படித்து வருபவன் என்ற முறையிலும், அந்த விடுபடல் சிறியதல்ல என்று சொல்ல விரும்புகிறேன்.

அந்த மனைவியான எம்மாவின் சாவு எப்போது நேர்கிறது என்று பார்த்தாலே இந்தச் சுருக்கம் நிற்காது. முதல் காதலன் ரொதோல்ஃப், ஊரைவிட்டு ஓடிப்போக நாள் குறித்துவிட்டு, பழக்கூடையின் அடியில் ஒரு கடிதத்தை மறைத்து அனுப்பி நழுவிவிடுகிறான். எம்மா மாடி ஜன்னலோரம் நின்று தடுமாறுகிறாள். 43 நாட்கள் கணவன் பக்கத்தைவிட்டு நகராமல் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு நோயில் விழுகிறாள். ஆனால் பிழைத்து எழுந்துவிடுகிறாள். இரண்டாவது காதலன் லெயோனுடனான உறவு அவளுக்கும் அவனுக்கும் சலித்துப்போய், பழக்கத்தின் பேரில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவளை நஞ்சிடம் கொண்டு போய்ச் சேர்ப்பது 24 மணி நேரத்துக்குள் 8,000 பிராங்க் கட்ட வேண்டும், தவறினால் வீட்டுச் சாமான்கள் ஜப்தி என்று வந்த நீதிமன்ற அறிவிப்பு. மாமனார் விட்டுச் சென்ற பார்ன்வீல் சொத்தே 4,000 பிராங்குக்குத்தான் விலைபோயிருந்தது என்பதை நினைத்தால் அந்தத் தொகையின் கனம் புரியும்.

அந்தக் கடன் வளர்ந்த விதத்தை ஃப்ளோபேர் எவ்வளவு பொறுமையாக எழுதியிருக்கிறார் என்பதைத்தான் கட்டுரையாளர் கவனித்திருக்க வேண்டும். யோன்வீல் ஊரின் ஜவுளி, அலங்காரச் சாமான் வியாபாரி லெரோ முதல்முறை வரும்போது கழுத்துப் பட்டைகளையும் சால்வைகளையும் விரித்துக் காட்டிவிட்டு, பணத்துக்கு அவசரமே இல்லை, தேவைப்பட்டால் கடனும் தருவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அன்று எம்மா எதுவும் வாங்கவில்லை. அவன் காத்திருக்கிறான். ரொதோல்ஃபுக்குப் பரிசளிக்க அவள் ஒரு சவுக்கை வாங்கியபோது அவனுடைய காத்திருப்பு பலிக்கிறது. 270 பிராங்குக்குப் பட்டியல் நீட்டுகிறான். மேசை இழுப்பறைகள் காலி, வேலைக்காரிக்குச் சம்பள பாக்கி. அந்த நேரத்தில் ஒரு நோயாளியிடமிருந்து கணவனுக்கு வரவேண்டிய வைத்தியக் கட்டணம், நீலத்தாளில் சுருட்டிய 15 நெப்போலியன் தங்கக் காசுகளாக வீட்டுக்கு வந்து சேர்கிறது. கணவன் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்க, எம்மா அதை மேசையறைக்குள் தள்ளிப் பூட்டிவிடுகிறாள். மூன்று நாள் கழித்து அதில் 14 காசு லெரோவின் கைக்குப் போகிறது. கணவனுக்குத் தெரியாமல் ஆளைச் சந்திப்பது ஒரு ரகசியம். கணவனுக்கு வரவேண்டிய பணத்தை வழிமறிப்பது இன்னொரு ரகசியம். நாவல் பின்தொடர்வது இந்த இரண்டாவது ரகசியத்தின் வளர்ச்சியைத்தான் என்பது என் வாசிப்பு.

இரட்டை வாழ்க்கை என்றால் வேஷமும் மறைவிடமும்தான் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். எம்மாவின் இரட்டை வாழ்க்கை முழுவதும் காகிதத்தில் நடக்கிறது. வியாழன்தோறும் பியானோ கற்கப் போவதாகச் சொல்லிவிட்டு அவள் ரூவான் நகரத்துக்கு வண்டி ஏறுகிறாள். ஒருநாள் கணவன் ஷார்ல், லாம்ப்ரேர் என்ற இசை ஆசிரியையைத் தற்செயலாகச் சந்தித்து விசாரிக்க, உங்கள் மனைவியை எனக்குத் தெரியாது என்கிறார் அவர். சில நாட்களில் ஷார்ல் தன் பூட்ஸுக்குள் காலை விடும்போது ஒரு தாள் தட்டுப்படுகிறது: மூன்று மாதப் பாடத்துக்குப் பணம் பெற்றுக்கொண்டதாக அதே ஆசிரியை பெயரில் ரசீது. பழைய ரசீதுப் பெட்டி அலமாரியிலிருந்து சரிந்து விழுந்திருக்கும் என்று எம்மா சமாதானம் சொல்ல, அந்த நல்ல மனிதன் நம்பிவிடுகிறான். கடன் கேட்டு வருபவர்களின் வரவு செலவுத் தாள்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த ரசீதின் பயங்கரம் உடனே விளங்கும். பொய்யான ஒரு ரசீது தோன்றிவிட்டால், அதைக் காப்பாற்ற உண்மையான பல ரசீதுகள் மறைய வேண்டியிருக்கும்.

இதற்கெல்லாம் அடித்தளமாக இருந்த சட்டத்தைச் சொல்லாமல் இந்த நாவலை அறிமுகப்படுத்தவே முடியாது என்பது என் உறுதியான கருத்து. 1804-ஆம் ஆண்டு நெப்போலியன் கொண்டுவந்த பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் 213-ஆம் பிரிவு, கணவன் மனைவிக்குப் பாதுகாப்பளிக்க வேண்டும், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றது. 217-ஆம் பிரிவின்படி, கணவன் உடன் சேராமலோ எழுத்துமூலம் சம்மதம் தராமலோ மனைவி சொத்தை விற்கவும் அடகு வைக்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. ஒப்பந்தம் செய்யும் தகுதி இல்லாதவர்கள் யார் என்று சொன்ன 1124-ஆம் பிரிவு, வயது வராதவர்களையும் நீதிமன்றத்தால் தடைசெய்யப்பட்டவர்களையும் மணமான பெண்களையும் ஒரே வரிசையில் வைத்தது. விவாகரத்து 1816-இல் ஒழிக்கப்பட்டு 1884-இல்தான் மீண்டும் வந்தது. ஆகவே எம்மாவால் சம்பாதிக்க முடியாது, மணத்திலிருந்து சட்டப்படி விலகவும் முடியாது, தன் பெயரில் கடன் வாங்கவும் முடியாது. பிரெஞ்சு மனைவியர் கணவனின் அனுமதி இல்லாமல் வங்கிக் கணக்குத் தொடங்கவும் வேலைக்குப் போகவும் 1965-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

லெரோ அந்தச் சட்டத்தை நன்றாகப் படித்தவன். மனைவியின் கையெழுத்து செல்லாது என்பது அவனுக்குத் தெரியும். அதனால் அதைச் செல்லுபடியாக்கும் வழியை அவனே சொல்லிக்கொடுக்கிறான். ஷார்லின் தந்தை இறந்ததும், சொத்து விவகாரங்களைப் பார்த்துக்கொள்ளக் கணவனிடம் ஒரு பவர் பத்திரம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்று காதில் போடுகிறான். பத்திரத்தைப் பற்றி ஆலோசனை கேட்க வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருக்கும் லெயோனிடம் போகவேண்டும் என்று சொல்லித்தான் எம்மா ரூவானில் மூன்று நாள் தங்குகிறாள். அவளை அனுப்பி வைப்பவன் ஷார்ல். காதலுக்கும் கடனுக்கும் ஒரே தாள் கதவைத் திறந்துவிடுகிறது. பின்னால் மாமியார் அந்தப் பத்திரத்தை வாங்கி நெருப்பில் போட்டபோதும் ஷார்ல் மனம் இளகி, மனைவியை நோட்டரியிடம் கூட்டிப்போய் அதேபோல் இன்னொன்று எழுதிக்கொடுத்துவிடுகிறான். கடன் முழுவதும் எம்மாவின் ஊதாரித்தனத்தால் வந்ததென்று சொல்பவர்கள், அவள் நோயில் கிடந்தபோது ஷார்லே லெரோவிடம் 1,000 பிராங்க் கடன் கேட்டு 1,070 பிராங்குக்குப் புரோநோட்டு எழுதிக்கொடுத்த பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்த இடத்தில் லெரோ தன் லாபத்தை மனக்கணக்குப் போடுவதையும், நோட்டுக்கு உரிய நாளில் பணம் வரக்கூடாது, புதுப்பித்துக்கொண்டே போகவேண்டும் என்று அவன் விரும்புவதையும் ஃப்ளோபேர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

நாவலின் மிகக் கூர்மையான பகுதியாக நான் கருதுவது நான்கு நோட்டுகளின் கதை. லெயோனின் கையைப் பிடித்தபடி எம்மா விடுதியிலிருந்து வெளியே வருவதை லெரோ பார்த்துவிடுகிறான். மிரட்டவில்லை, ஊரில் சொல்லவில்லை. சில நாள் கழித்து வந்து, எனக்குப் பணமுடை என்கிறான். அவன் பேச்சைக் கேட்டு அவள் பார்ன்வீல் சொத்தை விற்கிறாள். அதில் பாதிப்பணம் கைக்கு வந்ததும் பழைய கணக்கைத் தீர்க்கப் போகிறாள். இவ்வளவு பெரிய தொகையை ஒரேயடியாக இழக்கிறீர்களே என்று பரிதாபப்பட்டு, அதை அவளிடமே வைத்துக்கொள்ளச் சொல்லி, தலா 1,000 பிராங்குக்கு நான்கு நோட்டில் கையெழுத்து வாங்குகிறான். ரூவானில் உள்ள தன் நண்பன் வான்சார் என்ற வங்கிக்காரன் அவற்றைக் கழிவு போட்டு எடுத்துக்கொள்வான், பழைய கடன் போக மீதி 2,000 உங்களுக்கு வரும் என்கிறான். வந்தது 1,800. கழிவும் கமிஷனும் 200. புரோநோட்டு கைமாறும் முறையை 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் வழியாக அறிந்திருக்கும் நம் ஊர்க் கடைக்காரர்களுக்கும் வங்கி ஊழியர்களுக்கும் அடுத்து நடப்பது உடனே புரியும். நோட்டு மூன்றாம் ஆளின் கைக்குப் போன பிறகு, கருணை காட்டுங்கள் என்று எம்மா கேட்கவேண்டிய ஆள் யார்? நான் என்ன செய்வேன், வழக்குப் போடுவது வான்சார் அல்லவா என்று லெரோ கைவிரிக்கிறான். நோட்டைப் பிறர் பெயருக்கு மாற்றிவிட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவனும் அவனே.

கடைசி இரண்டு நாட்களில் அவள் வாசல் வாசலாக ஏறி இறங்குகிறாள். அப்பா கல்யாணத்துக்குக் கொடுத்த, தங்க முலாம் பூசிய வெள்ளிக் கரண்டிகள் அதற்கு முன்பே லெயோன் கையால் அடகுக்கடைக்குப் போய்விட்டன. ரூவான் வங்கிக்காரர்கள் மறுக்கிறார்கள். லெயோன் போக்குக் காட்டுகிறான். நோட்டரியோ, உணவு மேசையில் இருந்தபடியே பணத்துக்கு ஈடாக அவளையே கேட்கிறான். பரிதாபத்துக்குரியவள்தான், விலைக்கு வந்தவள் இல்லை என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து வந்துவிடுகிறாள். இந்த இடத்தையாவது கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்கலாம். ஒழுக்கம் கெட்டவள் என்று ஊர் முடிவு கட்டக்கூடிய ஒரு பெண், உயிர் போகும் நெருக்கடியில் மறுத்துவிட்டு வந்த பேரம் அது. பிறகு ரொதோல்ஃபிடம் 3,000 பிராங்க் கேட்கிறாள். இல்லை என்கிறான். சுவரில் வெள்ளி இழைத்த துப்பாக்கி, அலங்காரக் கடிகாரம், சவுக்குகளில் வெள்ளிப் பூண்கள் என்று ஒவ்வொன்றாக அவள் சுட்டிக்காட்டுகிறாள். ஒன்றை விற்றாலும் பணம் கிடைக்கும் என்பதைக் கடைசியில் அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள். அங்கிருந்து நேராக மருந்துக்கடைக்காரரின் வீட்டு ஆர்சனிக் ஜாடிக்குப் போகிறாள்.

இவ்வளவையும் விட்டுவிட்டு இதை நெறிதவறிய மனைவியின் கதையாக மட்டும் படிப்பது புதிதல்ல. ‘ரெவ்யூ த பாரி’ இதழில் 1856-இல் தொடராக வந்தபோதே நாவல்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது; 1857 ஜனவரி 29 அன்று நடந்த விசாரணையில் அரசு வழக்கறிஞர் எர்னஸ்ட் பினார், இந்த நூலுக்கு ஒரு கிராமப்புறப் பெண்ணின் கள்ளக்காதல்களின் வரலாறு என்றே பெயர் வைத்திருக்கலாம் என்ற பொருளில் வாதிட்டார். பிப்ரவரி 7 அன்று ஃப்ளோபேர் விடுதலையானார். அதே ஆண்டில் போதலேரின் கவிதைகள்மீது வழக்கு நடத்தியவரும் பினார்தான். நீதிமன்றம் ஏற்காத அந்த வாசிப்பை, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு தமிழ் நாளிதழ் ஏன் தொடர வேண்டும் என்பதே என் வருத்தம்.

ஃப்ளோபேருக்குப் பணத்தின் இடம் தற்செயலாக வந்ததல்ல. நார்மண்டியின் ரீ என்ற ஊரில், ஒரு சுகாதார அலுவலரின் (மருத்துவப் பட்டம் பெறாத கீழ்நிலை மருத்துவரின்) மனைவியாக வாழ்ந்து 1848-இல் இறந்த பெண்ணின் கதைதான் நாவலுக்கு வித்து என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஃப்ளோபேரின் காகிதங்களில் ஒரு கையெழுத்துப் பிரதியும் கிடைத்தது: சிற்பி ஜேம்ஸ் பிராடியேயின் மனைவி லூயீஸின் காதல்களையும், அவற்றோடு சேர்த்து அவர் கடனில் மூழ்கிய விதத்தையும் சொல்லும் பிரதி. எம்மாவின் நோட்டுகளும் ஜப்தியும் அந்தப் பக்கத்திலிருந்து வலுப்பெற்றவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பின்னாளில், 1875-இல், தன் சகோதரி மகளின் கணவர் தொழிலில் நொடித்தபோது ஃப்ளோபேரே தன் தோவீல் பண்ணையை விற்றுக் கைகொடுக்க நேர்ந்தது.

எம்மா குற்றமற்றவள் என்று நான் வாதிடவில்லை. தன் குழந்தை பெர்த்தை அவள் முழங்கையால் தள்ளிவிட்டுக் கன்னத்தில் காயப்படுத்தும் இடத்தில் எனக்கு அவள்மீது கோபம்தான் வருகிறது. ஆனால் அந்தக் குழந்தைக்கு நேர்ந்ததையும் ஃப்ளோபேர் கணக்காகவே எழுதுகிறார். எம்மா இறந்தபின் கடன்காரர்கள் வரிசையாக வருகிறார்கள். ஒரு பாடம்கூடச் சொல்லித்தராத அந்த இசை ஆசிரியையும் ஆறு மாதச் சம்பளம் கேட்டு வருகிறார். ஷார்லும் இறந்து, எல்லாம் விற்றுத் தீர்ந்தபோது மிஞ்சியது 12 பிராங்க் 75 சாந்தீம். பெர்த்தைப் பாட்டி வீட்டுக்கு அனுப்ப அது வண்டிச் செலவானது. பாட்டியும் அதே ஆண்டில் இறந்துவிட, வசதியில்லாத ஓர் உறவுக்காரப் பெண் அவளைப் பஞ்சாலை வேலைக்கு அனுப்புகிறாள். லெரோவின் வியாபாரத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

தொடரின் அடுத்த பகுதிகளில் இந்த நாவல் மீண்டும் பேசப்படுமானால், மூன்றாம் பாகத்தின் கடைசி அதிகாரங்களைக் கட்டுரையாளர் தனியாக எடுத்து எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இடப்பற்றாக்குறை இருக்குமானால், காதல் காட்சிகளைப் பற்றிய பத்திகளைக் குறைத்துக்கொண்டாவது அந்த நான்கு நோட்டுகளின் பக்கங்களுக்கு இடம் ஒதுக்கித் தாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர்,
கும்பகோணம்.