பக்கத்துக் கட்டில் தம்பிக்கு நன்றி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணன் நேற்று வீடு வந்து சேர்ந்தார். ராத்திரியோடு ராத்திரியாக வண்டி எடுத்தவர்கள், ரத்தம் கொடுத்தவர்கள், எங்கள் மாட்டுக்குத் தீனி போட்டுப் பால் கறந்த அத்தை, பணத்துக்கு அலைந்தவர்கள் என எல்லோருக்கும் எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது. வீடுவீடாக நேரில் வருகிறோம்.

நேரில் சொல்ல முடியாமல் போனது ஒருவரிடம்தான். திருச்சூர் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு பைஸ்டாண்டராக, அதாவது கூடவே துணைக்கு, இருந்த தம்பி. நாங்கள் கிளம்பும்போது அவர் மருந்து வாங்கப் போயிருந்தார். பாலக்காடு பக்கம் சித்தூர்க்காரர், தமிழ் பேசுவார், படிக்க வராது. தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்துக் காட்டுங்கள்.

அப்போது அண்ணன் யாரிடமும் பேசுவதில்லை. சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருப்பார். பிசியோதெரபிக்குக் கொடுத்த பந்தைத் தொடவே மாட்டார். டீ வாங்கப் போன இடத்தில் பேச்சுவாக்கில் அந்தத் தம்பியிடம் எங்கள் பழைய கதையைச் சொன்னேன். பொள்ளாச்சி பிரௌசிங் சென்டரில் அண்ணன்தான் எனக்கு முதன்முதலில் எமுலேட்டரைக் காட்டினார், பழைய டிவி கேம்களைக் கம்ப்யூட்டரில் ஆட வைக்கும் புரோகிராம். 1997-இல் வந்த நெஸ்டிகிள். கேம் கேசட்டும் வேண்டாம், டிவியும் வேண்டாம். காண்ட்ரா என்கிற, ஓடிக்கொண்டே சுடும் கேம் முழுசும் 128 கேபி. அந்த அளவில் பத்து கேம் ஒரு ஃபிளாப்பியில் அடங்கிவிடும். ஒரே கீபோர்டில் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நாலைந்து பட்டனைச் சேர்த்து அமுக்கினால் ஏதோ ஒன்று வேலை செய்யாது. அந்தச் சண்டை பஸ் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டும் வரை ஓயாது.

அன்று சாயங்காலமே தம்பி லேப்டாப்பில் ரெட்ரோஆர்க் என்கிற எமுலேட்டரில் அதே காண்ட்ராவைப் போட்டுக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தார். அண்ணனுக்கு வலது கை வராதே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்கு முன்பே பட்டன்களை எல்லாம் இடது கைக்கு மாற்றி வைத்திருந்தார். நடக்க நான்கு எழுத்து, குதிக்கக் கட்டைவிரலுக்கு ஸ்பேஸ் பார், சுடச் சுண்டுவிரலுக்கு ஷிஃப்ட். வேகத்தையும் பாதியாகக் குறைத்திருந்தார். பாலம் வெடிக்கும் இடத்துக்கு முன்னால் சேவ் செய்து வைப்பார். செத்தால் அங்கிருந்தே திரும்ப ஆடலாம். கேசட் காலத்தில் இது நடக்குமா? ஊசி போட நர்ஸ் வந்தாலும் அப்படியே நிறுத்தி வைத்தோம்.

அப்புறம் சுடும் பட்டனை மட்டும் வலது கை ஆள்காட்டி விரலுக்கு மாற்றினார். பந்தைத் தொடாத விரல் அதை அமுக்கியது. அருவி வரும் கட்டத்தில் நானும் சேர்ந்துகொண்டேன். அதில் ஒருவர் முந்தி ஏறினால் திரை மேலே நகர்ந்து, பின்தங்கியவர் செத்துப்போவார். நான் அவசரமாக ஏற, "மெதுவா ஏறு பிள்ளே, நான் செத்துருவேன்!" என்று அண்ணன் கத்தினார். வார்டே திரும்பிப் பார்த்தது. நான் வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

தம்பி, உங்கள் அம்மா சீக்கிரம் எழுந்து நடக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறோம். பட்டன் மாற்றுவதை உங்களைப் பார்த்து நானும் கற்றுக்கொண்டேன். நம் பக்கத்தில் கை வராமல் படுத்திருப்பவர் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள், லேப்டாப்போடு நானே வந்து போட்டுத் தருகிறேன்.