புற்றுநோய் மருந்துச் சோதனைகளைத் திட்டமிடுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஸ்கேன் பிரிவில் வேலை பார்க்கிறேன். படுக்க வைத்து பெல்ட் மாட்டும்போது நோயாளிகள் என்னிடம் கேட்பது, "மருந்து வேலை செய்யுதாங்க?" என்றுதான். நம் படமோ கட்டியின் அளவைத்தான் சொல்கிறது. கட்டி மாற்றத்தை மதிப்பிடும் ரெசிஸ்ட் விதிப்படி, கட்டிகளின் விட்டங்களின் கூட்டுத்தொகை 30 சதவீதமாவது குறைந்தால்தான் பலன் என்று எழுதுவோம். அது தெரியவே பல வாரங்கள் ஆகும். பலனில்லாத கீமோவிலும் வாந்தி உண்டு, ரத்த அணுக்கள் குறையும்.

செல்கள் சாகத் தொடங்குவது அதற்கு வெகு முன்பே. செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் அப்போப்டோசிஸ் ஆரம்பித்ததும், செல் சவ்வின் உள்பக்கம் இருந்த பாஸ்பாடிடைல்செரின் என்ற கொழுப்பு வெளியே வந்துவிடும். அதில் ஒட்டும் அனெக்சின் புரதத்தோடு கதிர்வீசும் டெக்னீசியம் சேர்த்து, 1998இலேயே எலிகளில் படம் எடுத்துக் காட்டிவிட்டார்கள். அப்புறம் நோயாளிகளிடமும் முயன்றார்கள். அப்போப்டோசிஸில் வேலை செய்யும் கேஸ்பேஸ்-3 நொதியைத் தேடிப் போகும், பெட் ஸ்கேனுக்கான ஊசி மருந்துகளும் வந்தன. ஆனாலும் எதுவும் அன்றாடச் சிகிச்சைக்குள் நுழையவில்லை.

முக்கியக் காரணம் நேரம். செல்சாவு சில நாளில் உச்சம் தொட்டு அடங்கிவிடுகிறது. செத்தவற்றை அக்கம்பக்கத்துச் செல்கள் விழுங்கிவிடும். நாள் தவறினால் படத்தில் ஒன்றும் இருக்காது. இன்னொரு குறை, செல் சிதைந்து சாகும் நெக்ரோசிஸில் சவ்வு கிழிந்தாலும் அனெக்சின் உள்ளே போய் ஒட்டும். இதை நான் பெரிய குறையாக நினைக்கவில்லை. எந்த வகைச் சாவு என்பது ஆய்வாளரின் கேள்வி. கட்டி சாகிறதா என்பதே நோயாளியின் கேள்வி.

சரி, படமெடுக்கப் புதிய ஊசி மருந்துகள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். தண்ணீர் மூலக்கூறுகளின் நகர்வை அளக்கும் டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. இப்போதே கையில் இருக்கிறது. ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. செல்கள் நெருக்கமாக இருக்கும் கட்டியில் தண்ணீர் மூலக்கூறுகள் அதிகம் நகர முடியாது. செல்கள் செத்து இடம்விட்டால் தாராளமாக நகரும். கட்டி சுருங்குவதற்கு முன்பே இந்த நகர்வின் அளவு கூடுவதைப் பல கட்டிகளில் பார்த்திருக்கிறார்கள்.

உங்கள் அடுத்த சோதனையில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சிகிச்சைக்கு முன் இரண்டு முறை எடுங்கள். மருந்தே இல்லாமல் அளவு எவ்வளவு ஊசலாடுகிறது என்று தெரியாவிட்டால், பிறகு தெரியும் மாற்றத்தை நம்ப முடியாது. முதல் டோஸுக்குப் பின் ஒரே நாளோடு நிற்காமல், முதல் இரண்டு வாரங்களில் வேறு வேறு நாட்களில் எடுத்துப் பாருங்கள். களைத்துப்போனவர்களை இன்னும் சில முறை வரச் சொல்கிறோம், தெரியும். எதற்காக என்று விளக்கிக் கேளுங்கள்.

ஆரம்பப் படத்தில் எதுவும் மாறாதவர்களுக்குப் பிறகு என்ன ஆனது என்பதையும், கணிப்பு பொய்த்திருந்தாலும் சரி, மறைக்காமல் வெளியிடுங்கள்.

அன்புடன்,
ஒரு ஸ்கேன் பிரிவு ஊழியர்