தம்பி, அந்த அட்டவணையைக் கிழித்துப் போடு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய எக்செல் கோப்பைத் திறந்து பார்த்தேன். நாலு நாள் கடற்கரையில் ஓய்வெடுக்க இருபத்துமூன்று வரி. அதில் "காலை 7.30 முதல் 8.15 வரை சிப்பி பொறுக்குதல்" என்று நாலு நாளும் ஒரே நேரம் போட்டிருக்கிறாய் பார், அங்கே சிரித்துவிட்டேன். இதைக் கடலிடம் யார் சொல்வது?

பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும், ஆனால் அது நம் கடிகாரத்தைப் பார்த்து நடப்பதில்லை, நிலாவைப் பார்த்து நடக்கிறது, அதனால் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போய்விடும். முதல் நாள் ஏழரைக்கு நன்றாக வற்றியிருந்தால் நாலாம் நாள் அதே வற்றம் பத்து மணிக்குத்தான். நீ ஏழரைக்கே வாளியோடு போய் நின்றால் தண்ணீர் பாதிதான் இறங்கியிருக்கும். எனவே அந்த ஊர் ஏற்ற வற்ற நேரத்தை மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள், மற்றதெல்லாம் அதைச் சுற்றித் தானாக அமையும். சமையலறையில் தொங்குகிற தினசரி காலண்டரே பாதி சொல்லிவிடும்: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகம் ஏறி அதிகம் உள்வாங்கும், அஷ்டமியை ஒட்டி இரண்டுமே குறைவு. பாட்டி அஷ்டமியில் எதையும் தொடங்காதே என்பாள், சிப்பி பொறுக்கும் விஷயத்தில் மட்டும் நான் அவள் கட்சி.

வற்றத் தொடங்கியதுமே போய்விடு. முந்தைய ஏற்றத்தில் அலை கடைசியாக எட்டித் தொட்ட இடத்தில் பாசி, குச்சி, இறகு எல்லாம் சேர்ந்து ஒரு கோடு போட்டிருக்கும், முதலில் அதைக் கிளறு. லேசான சாமான்கள் அங்கேதான் ஒதுங்கும்: வெள்ளையாக, படகு வடிவில், நகத்தால் கீறினால் பொடியாக உதிர்கிற கணவாய் ஓடு, எங்கோ ஆற்றில் விழுந்து கடல் தாண்டி வந்த விதைகள், விளிம்பு மழுங்கிப் பனி படிந்த மாதிரி ஆகிவிட்ட கண்ணாடித் துண்டுகள். யாரோ எறிந்த பாட்டில் அப்படி ஆவதற்குப் பெரும்பாலும் பல பத்தாண்டுகள் ஆகும். பச்சையும் பழுப்பும் நிறையக் கிடைக்கும், சிவப்பு கிடைத்தால் எனக்குப் போன் செய்.

அப்புறம், ஊசியால் குத்தினது போல வட்டமாய் ஒரே ஒரு துளை உள்ள சிப்பி கண்ணில் படும். மாலை கோக்க யாரோ போட்டது என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது ஒரு கொலை. மணலுக்குள் வாழும் ஒரு வகைக் கடல் நத்தை சிப்பியைக் கட்டிப்பிடித்து, அதன் ஓடு இளகும்படி ஒரு திரவத்தை விட்டு, அரம் போன்ற நாக்கால் மணிக்கணக்கில் சுரண்டித் துளை போட்டு, உள்ளே இருப்பதைச் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறது. அதே நத்தை முட்டையிடும்போது மணலைக் குழைத்துச் சட்டைக் காலர் மாதிரி ஒரு வளையம் செய்யும். உடைந்த பிளாஸ்டிக் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடாதே, இருந்த இடத்திலேயே விட்டுவிடு.

பிளாஸ்டிக் என்றதும் ஞாபகம் வருகிறது. 1992 ஜனவரியில் பசிபிக் கடலில் ஒரு கப்பலிலிருந்து கன்டெய்னர் விழுந்து சுமார் 28,800 குளியலறைப் பொம்மைகள், வாத்தும் ஆமையும் தவளையுமாக, மிதக்கத் தொடங்கின. பத்து மாதம் கழித்து அலாஸ்கா கரையில் முதல் பொம்மைகள் ஒதுங்கின. கர்டிஸ் எப்ஸ்மேயர் என்ற கடலியலாளர், கரையில் பொறுக்குகிறவர்கள் சொன்ன தகவலை வைத்தே நீரோட்டம் எப்படிப் போகிறது என்று ஆராய்ந்தார். நம்மை மாதிரி வெட்டியாய்க் குனிந்து நடந்தவர்கள்தான் தகவல் கொடுத்தது!

எடுப்பதற்கு முன் சங்கைத் திருப்பிப் பார். ஒருமுறை அழகாக இருக்கிறதே என்று ஒன்றைப் பைக்குள் போட்டேன், மூன்றாம் நாள் அந்த நாற்றத்தில் பையையே எறிய வேண்டியதாயிற்று, உள்ளே உயிர் இருந்திருக்கிறது. நாற்றத்தை விட அதுதான் இன்னும் உறுத்துகிறது. கூம்பு வடிவச் சங்கு உயிரோடு இருந்தால் கையே வைக்காதே, அது விஷ முள் எய்யும், சில வகைகள் ஆளையே கொன்றுவிடும். கரையில் செத்துக் கிடக்கும் ஜெல்லி மீனும் கொட்டும். பவளத் துண்டை ஆசைப்பட்டு எடுத்து வராதே, பல நாடுகளில் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள்.

சரி, சாப்பாடு. செவ்வாய் மதியம் இறால், புதன் இரவு நண்டு என்று எழுதியிருக்கிறாய். செவ்வாய்க்கிழமை வலையில் என்ன விழும் என்று வலை போடுகிறவருக்கே தெரியாது. "இன்று என்ன வந்தது?" என்று கேள், பெயர் தெரியாத மீனாக இருந்தாலும் அதையே வாங்கு. கண் தெளிவாகப் புடைத்திருக்க வேண்டும், செவுள் நல்ல சிவப்பு, விரலால் அழுத்தினால் குழி விழாமல் திரும்ப வேண்டும், கடல் வாசனை அடிக்கலாம், மீன் நாற்றம் அடிக்கக் கூடாது. நண்டைத் தூக்கிப் பார், அதன் உருவத்துக்கு மீறிக் கனத்தால் சதை இருக்கிறது. வாய் பிளந்த மட்டியைத் தட்டினால் மூடிக்கொள்ள வேண்டும், மூடாததை ஒதுக்கு. கானாங்கெளுத்தி, சூரை இரண்டையும் வெயிலில் ஐஸ் இல்லாமல் வைத்திருந்தால் மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம், அதில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் ஊறிவிடும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது, முகம் சிவந்து தடித்துத் தலைவலியில் விடுமுறை முடிந்துவிடும். நல்ல மீன் கிடைத்தால் மசாலாவைக் கொட்டி மூடாதே, உப்பு போட்டுச் சுட்டாலே போதும்.

மத்தியானம் தூங்கு. அதற்கு வரி போடாதே.

எனக்கு ஒன்றும் வாங்கி வர வேண்டாம். அந்தத் துளை போட்ட சிப்பி, காலியாகத்தான், ஒன்று கிடைத்தால் கொண்டு வா.

அக்கா