செயலாளரின் ஆண்டறிக்கை: காஃபின் குடும்பத்தின் கொடிவழி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற ஆண்டும் மாதம் ஒரு கூட்டம் என்று தவறாமல் கூடினோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். ஆண்டு முழுவதும் கையில் இருந்தது ஒரே வேலைதான். அமெரிக்காவில் தப்பி வந்த அடிமைகளுக்கு அடைக்கலம் கொடுத்த லீவை காஃபினின் முன்னோரைத் தேடினோம். அவர்கள் குவேக்கர் என்னும் கிறித்தவ நெறியினர். அடிமைமுறை மீதான வெறுப்பு அந்தக் குடும்பத்துக்குள் எப்போது நுழைந்தது என்றும் பார்த்தோம்.

ஆட்களைத் தொடர்வது கடினமாக இல்லை. பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் குவேக்கர்களின் 'மாதக் கூட்டம்' எனப்படும் ஊர்ச் சபையின் பதிவேட்டில் இருக்கும். குடிபெயர்ந்தவருக்குப் பழைய ஊர்க் கூட்டம் சான்றுக் கடிதம் கொடுத்தனுப்பும். நெறிக்கு வெளியே மணமுடித்துச் சபையிலிருந்து நீக்கப்பட்டால் அதுவும் பதிவாகும். வம்பு தேதியில்தான் வந்தது. மாதப் பெயர்களில் பிற தெய்வங்கள் இருப்பதாகக் கருதி அவர்கள் எண்ணையே எழுதினார்கள். 1752-க்கு முன் 'முதல் மாதம்' என்றால் மார்ச். நான் அதை ஜனவரி என்று நிரப்ப, சுவரில் மாட்டிய வரைபடத்தில் பலர் இரண்டு மாதம் முன்னதாகவே பிறந்துவிட்டார்கள். பிழை என்னுடையது. திருத்திய படம் பின்சுவரில் இருக்கிறது.

மூதாதை டிரிஸ்ட்ரம் காஃபின், 1659-இல் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள நான்டக்கெட் தீவை வாங்கியவர்களில் ஒருவர், குவேக்கர் அல்லர். அந்த நெறி தீவில் வேர்விட்டது 1700-களின் தொடக்கத்தில், அவர் மகள் மேரி ஸ்டார்பக்கின் முயற்சியால். அடிமைகளை வாங்கி ஆயுள் முழுதும் வைத்திருப்பது தகாது என்று 1716-லேயே தீவின் கூட்டம் எழுதிவைத்தது. ஊர்ச் சபைகளுக்கு மேலான வட்டார அமைப்பான பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் தன் உறுப்பினர்களுக்கு அடிமை வைத்திருப்பதைத் தடைசெய்ய 1776 ஆயிற்று. அடிமை ஒழிப்புக்காகவும் பெண் உரிமைக்காகவும் போராடிய லுக்ரீசியா மாட், 1793-இல் தீவில் பிறந்தவர், அவரும் டிரிஸ்ட்ரமின் வழிவந்தவரே.

லீவை 1798-இல் வட கரோலினாவின் நியூ கார்டனில் பிறந்தார். ஏழு வயதில், சங்கிலியில் பிணைத்துச் சாலையில் ஓட்டிச் செல்லப்பட்ட அடிமைகளைப் பார்த்தார். ஏன் இந்தச் சங்கிலி என்று அப்பா கேட்டார். மனைவி மக்களிடமிருந்து பிரித்துவிட்டார்கள், ஓடிப்போய் அவர்களிடம் சேர்ந்துவிடுவோம் என்றுதான் கட்டியிருக்கிறார்கள் என்றார் ஒருவர். சிறுவன் தன் அப்பாவை அந்த இடத்தில் வைத்து நினைத்துப் பார்த்தானாம். செப்டம்பர் கூட்டத்தில் இதை வாசித்தபோது அரங்கில் சத்தமே இல்லை.

எல்லாம் ரத்தத்தில் வந்தது என்று சில உறுப்பினர்கள் வாதாடினார்கள். நான் ஒப்பவில்லை. இண்டியானாவின் ஆண்டுக் கூட்டம், அடிமை எதிர்ப்பில் முன்நின்ற தன் உறுப்பினர்களைப் பொறுப்புகளிலிருந்து ஒதுக்கியது. 1843-இல் பிரிந்து தனிக்கூட்டம் அமைத்தவர்களோடு லீவையும் போனார். ஒரே நெறி, ஒரே பதிவேடு. ஆனால் இரண்டு பக்கம்.

1826 முதல் இண்டியானாவின் நியூபோர்ட்டில் லீவை குடும்பம் இருந்த காலத்தில், தப்பி வந்தவர்களுக்குச் சோறு போட்டதும் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டி உடுப்பு தைத்ததும் மனைவி கேத்தரின். நம் வரைபடத்தில் அவருக்கு ஒரு பெட்டி மட்டுமே இருக்கிறது. அவருடைய பிறந்த வீட்டாரான வைட் குடும்பத்தின் கொடிவழியை வரும் ஆண்டு எடுத்துக்கொள்ளலாம் என்று செயற்குழு தீர்மானித்துள்ளது. சபையின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்