அது பின்னட்டை

ஆசிரியருக்கு வணக்கம்.

முதல் உலகப்போர் நினைவுப் பொருட்கள் பற்றிய கட்டுரையில், யூதச் சிப்பாய் ஒருவரின் சட்டைப்பை நூலை 'பைபிள்' என்று குறித்திருக்கிறீர்கள். படத்தில் தெரிவதும் பின்னட்டை. எபிரேயம் வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து. புத்தகத்தின் முதுகு வலப்பக்கம் வரும்படி வைத்தால்தான் முன்னட்டை தெரியும்.

அதன் பெயர் சித்தூர். (ஆந்திரத்து ஊர் அல்ல, 'ஒழுங்கு' என்று பொருள்படும் எபிரேயச் சொல்.) எந்த வேளைக்கு எந்த ஜெபம், எதன் பின் எது என்று வரிசைப்படுத்திய நூல். 1914இல் பிரிட்டிஷ் படையிலிருந்த யூதர்களுக்கு ஒன்று, ஜெர்மன் படையிலிருந்தவர்களுக்கு ஒன்று என அச்சாயின. அமெரிக்கா போரில் இறங்கிய 1917இல் அங்கும் ஒரு சுருக்கப் பதிப்பு வந்தது. எதிரெதிர்ப் பதுங்குகுழிகளில் ஓதப்பட்டது 'இறைவன் ஒருவனே' என்று அறிக்கையிடும் ஒரே ஷெமாதான்.

'இடமில்லாததால் ஜெபங்களை இஷ்டத்துக்கு வெட்டினார்கள்' என்ற வரியை மட்டும் விட முடியவில்லை. சுருக்குவதற்கும் அங்கே சட்டம் உண்டு. தினம் மூன்று வேளையும் நடுநாயகமாக நிற்பது அமிதா என்ற ஜெபம். அதன் இன்னொரு பெயர் என்னவோ 'பதினெட்டு'. எண்ணினால் 19 ஆசிகள். கால்களைச் சேர்த்து நின்று, எருசலேம் திசை நோக்கிச் சொல்ல வேண்டும். அவகாசமில்லாதவனுக்கு ஹவினேனு என்ற சுருக்கம்: முதல் மூன்றும் கடைசி மூன்றும் முழுசாக, நடுவிலுள்ள 13ம் பிழிந்து ஒரே ஆசியாக. இதையும் நினைத்தபோதெல்லாம் சொல்லிவிட முடியாது. மழை கேட்கும் குளிர்காலத்தில் கூடாது. ஓய்வுநாள் முடிகிற சனி இரவிலும் கூடாது. மழை வேண்டுதலும் ஓய்வுநாளை வழியனுப்பும் வாசகமும் அந்த 13க்குள் வருபவை, பிழிவில் விட்டுப்போகும். (பெல்ஜியத்துப் போர்முனையான ஃபிளாண்டர்ஸ் சேற்றில் முழங்கால் புதைய நின்றவன் மனசார மழை கேட்டிருப்பானா தெரியாது!)

தலைக்கு மேல் குண்டு பறந்தால் இன்னும் சின்ன வேண்டுதல் ஒன்று உண்டு: 'உன் மக்களின் தேவைகள் பல' என்று தொடங்கும். நடந்துகொண்டே சொல்லலாம். ஆனால் அதில் கடன் தீராது. ஆபத்து நீங்கி மனம் அடங்கியதும், வேளை தாண்டவில்லையென்றால், அமிதாவை முழுசாகச் சொல்லியாக வேண்டும். ஹவினேனு சொன்னவனுக்கு அந்தப் பாக்கி இல்லை.

கதிஷ் விஷயம் இன்னும் கடினம். இறந்தவருக்காகச் சொல்லும் அதற்குப் பத்து ஆண்கள் கூட வேண்டும். யூதர்கள் பல படைப்பிரிவுகளில் சிதறிக் கிடந்தபோது, ஒன்பது பேர் கூடினாலும் சகாவைக் கதிஷ் இல்லாமல்தான் புதைக்க நேரும்.

கழிப்பிடத்துக்குப் போகும்போது நூலைத் திறந்தபடி கொண்டுபோகக் கூடாது. உறைக்குள் உறையாகப் பொதிந்திருக்க வேண்டும். இரண்டாம் உலகப்போரில் இன்னொரு சிக்கல் சேர்ந்தது. அமெரிக்க யூதச் சிப்பாயின் கழுத்து அடையாளத் தகட்டில் 'எபிரேயர்' என்பதன் முதலெழுத்தான 'ஹெச்' பொறித்திருக்கும். ஜெர்மானியரிடம் பிடிபடும் நிலையில் சிலர் தகட்டையே எறிந்துவிட்டார்கள். பையிலிருந்த சித்தூரும் அதே அளவுக்குக் காட்டிக்கொடுக்கும்.

இத்தகைய பிரதி யாரிடமாவது இருந்தால்: கம்பித் தையல் போட்டதென்றால் ஈரத்தில் கம்பி துருவேறி, மடிப்பில் தாள் அரித்து, நடுத்தாள்தான் முதலில் கழன்று வரும். செலோடேப் ஒட்டாதீர்கள். கிழிந்துபோனாலும் பழைய பேப்பர் கடைக்குப் போட வேண்டாம். இறைவன் பெயர் அச்சான தாளை யூதர்கள் எறிவதில்லை. கெனிசா என்ற சேமிப்பிடத்தில் சேர்த்துவைத்து மண்ணில் புதைப்பார்கள்.

– வாசகர், மதுரை